யன்னலடியில் ஆழ்கடல்: ஒரு செய்முறைப் பெட்டியை மூன்று மாதம் பயன்படுத்திய பின்

யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு புத்தகக் கடையில், கற்றல் உபகரணங்கள் அடுக்கப்பட்டிருந்த தட்டின் மேல்வரிசையில் இந்தப் பெட்டியைக் கண்டேன். கரும்புகை கக்கும் கற்கோபுரம் ஒன்றும், அதன் அடியில் சிவந்த நுனியுடைய குழாய்ப்புழுக்களும் மூடியில் வரையப்பட்டிருந்தன. ஆழ்கடல் வெந்நீர் ஊற்றை வீட்டிலேயே உருவாக்கலாம், சூரியன் இல்லாமல் வாழும் உயிர்களை வளர்த்துப் பார்க்கலாம் என்று அதன்மேல் அச்சிட்டிருந்தார்கள். விலை 6,400 ரூபா. ஓய்வு பெறும்வரை இரசாயனவியல் கற்பித்தவள் என்பதால் அந்த இரண்டாவது வாக்குறுதியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தாந்தரத்தில் படிக்கும் பேத்திக்கு விடுமுறை தொடங்கியிருந்ததால் வாங்கியும் விட்டேன். பெட்டியை வாங்கலாம் என்பதே என் முடிவு. அதனுள் இருக்கும் கையேட்டை நம்பி வாங்கக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒளிபுகும் பிளாஸ்ரிக் குழாய்கள் இரண்டு, சோடியம் சிலிக்கேற்றுக் கரைசல் ஒரு போத்தல், சிறு பொதிகளில் ஐந்து உலோக உப்புகள், ஜிப்சம் (கல்சியம் சல்பேற்று) தூள், கடதாசித் துணுக்குகள், ஒரு நீளக் கரண்டி ஆகியவை பெட்டியில் உள்ளன. குழாய்களில் ஒன்று, சிலிக்கேற்றுக் கரைசலில் உப்புகளைச் செடிபோல வளர்க்கும் இரசாயனத் தோட்டத்துக்கு; மற்றையது, சேற்றை அடுக்கி நிரப்பி நுண்ணுயிர்களை வளர்க்கும் சேற்று நிரலுக்கு. உப்புகளில் இரும்புச் சல்பேற்றுப் பொதி மட்டும் பச்சையிலிருந்து துருநிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. நமது ஈரக்காற்றில் அந்த உப்பை வெறும் பொலித்தீன் பையில் அடைத்து விற்பது சரியான வேலை அல்ல.

முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது; காரணம் கையேடுதான். சிலிக்கேற்றுக் கரைசலைச் சாதாரணக் குழாய்நீரால் ஐதாக்கும்படி அது கூறுகிறது. சுண்ணாம்புக் கல்லின்மேல் அமர்ந்திருக்கும் குடாநாட்டில் குழாய்நீர் என்பது பெரும்பாலும் கிணற்று நீர்தான். அதில் கரைந்திருக்கும் கல்சியமும் மக்னீசியமும் சிலிக்கேற்றைச் சந்தித்த கணத்திலேயே வெண்ணிற வீழ்படிவாகிக் குழாய் முழுவதும் கஞ்சித்தண்ணீர் போலக் கலங்கிவிட்டது. மழைநீரையோ வாகன மின்கலத்துக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீரையோ பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் இல்லை என்ற ஒரு வரியைச் சேர்த்திருந்தால் பாதிப் போத்தல் கரைசல் வீணாகியிருக்காது. ஆயினும் அந்தக் கலங்கலைப் பேத்திக்குக் காட்டி, நமது கேத்தலின் அடியில் படியும் வெண்படிவுக்கும் ஆழ்கடலில் உள்ள ஒருவகைக் கோபுரங்களுக்கும் உள்ள உறவைச் சொல்ல முடிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மழைநீரில் செய்த இரண்டாவது முயற்சி அழகாக வந்தது. கல்சியம் குளோரைட்டு வெண்ணிறத் தண்டுகளாக விரைந்து எழுந்தது. கோபாற்றுக் குளோரைட்டு கருநீலத்தில் கிளைத்தது. செப்புச் சல்பேற்று மட்டும் மிக மெதுவாக, எழும்ப மனமில்லாதது போல வளர்ந்தது. "அம்மம்மா, இது வளருதோ, கரையுதோ?" என்று பேத்தி கேட்டாள். கையேட்டில் விடை இல்லாத அந்தக் கேள்வி மிகச் சரியானது, ஏனெனில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பளிங்கு கரையும்போது அதைச் சுற்றி உலோகச் சிலிக்கேற்றாலான மெல்லிய சவ்வு உருவாகிறது. சவ்வின் உள்ளே செறிவு அதிகமாக இருப்பதால் பிரசாரணத்தால் நீர் உட்புகுந்து, அழுக்கம் ஏறி, சவ்வு ஓரிடத்தில் கிழிகிறது. கிழிசல் வழியே வெளியேறும் கரைசல், சூழவுள்ள சிலிக்கேற்றைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் மேல்நோக்கிப் பாய்கிறது. பாயும் வழியெங்கும் தன்னைச் சுற்றிப் புதிய சுவரைக் கட்டிக்கொள்கிறது. ஆகவே அந்தத் தண்டுகள் உள்ளீடற்ற குழாய்கள். வளர்ச்சி நின்றபின் ஒரு தண்டை ஊசியால் உடைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

ஆழ்கடல் ஊற்றுக் கோபுரத்துடன் இதற்குள்ள ஒற்றுமை தோற்றத்தோடு நின்றுவிடுவதில்லை. கடலடிப் பிளவுகளில் கீழிறங்கும் கடல்நீர், அடியிலுள்ள பாறைக்குழம்பின் வெப்பத்தால் சூடாகி, மக்னீசியத்தைப் பாறையில் இழந்து, இரும்பு, செம்பு, நாகம் போன்ற உலோகங்களையும் ஐதரசன் சல்பைட்டையும் ஏற்றுக்கொண்டு, அமிலத்தன்மையுடன் மேலெழுகிறது. ஏறத்தாழ 2 பாகை செல்சியசில் இருக்கும் ஆழ்கடல் நீரை அது சந்திக்கும் இடத்தில் உலோகச் சல்பைட்டுகள் கரும்புகை போல வீழ்படிவாகின்றன. ஆனால் கோபுரத்தின் முதற் சுவரைக் கட்டுவது அந்தக் கரும்பொருள் அல்ல. கல்சியம் சல்பேற்று, சீனியைப் போலன்றி, சூடாக ஆகக் கரைதிறன் குறையும் உப்பு. எனவே சூடான நீர்த்தாரையைச் சுற்றிக் கடல்நீரிலுள்ள கல்சியம் சல்பேற்றே முதலில் வெண்சுவராகப் படிகிறது. அதன் உட்புறத்தில் செம்பு, இரும்புச் சல்பைட்டுகள் பின்னர் சேர்ந்து சுவரைத் தடிப்பாக்குகின்றன. இரண்டு திரவங்கள் சந்திக்கும் எல்லையே சுவராவது இரு இடங்களிலும் ஒன்றுதான். பெட்டிக்குள் ஜிப்சம் தூளையும் வைத்து, அதே சேர்மத்தின் இந்த விந்தையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விட்டது எனக்கு மிகுந்த ஏமாற்றம். மற்றபடி, நம் குழாயில் சூடும் இல்லை, சல்பைட்டும் இல்லை, கீழிருந்து ஓயாமல் பாயும் ஊற்றும் இல்லை. இந்த வேறுபாடுகளையும் கையேடு சொல்லவில்லை.

எல்லா ஊற்றுகளும் கரும்புகை கக்குவதில்லை என்பதும் அதில் இல்லை. அத்திலாந்திக் கடலின் நடுமுகட்டருகே 2000 ஆம் ஆண்டு டிசம்பரில் கண்டறியப்பட்டு 'தொலைந்த நகரம்' என்று பெயரிடப்பட்ட ஊற்றுத் தொகுதியில் நீர் அமிலமாக இல்லாமல் பிஎச் 9 முதல் 11 வரை காரமாக இருக்கிறது. வெப்பநிலையும் 40 முதல் 90 பாகை செல்சியசுதான். அங்கே வெப்பத்தோடு பாறைக்கும் நீருக்கும் இடையிலான தாக்கமும் வேலை செய்கிறது. ஒலிவீன் என்ற கனிமம் நீருடன் தாக்கமுற்றுப் பாம்புக்கல்லாக மாறும்போது ஐதரசன் வாயு விடுபடுகிறது. கல்சியம் செறிந்த அந்தக் காரநீர் கடல்நீரைச் சந்திக்கும்போது எழும் வெண்ணிறக் கோபுரங்களில் ஒன்று 60 மீற்றர் உயரமானது. அவற்றின் முக்கிய பொருள்களுள் ஒன்று கல்சியம் காபனேற்று. நமது கேத்தலின் அடியில் படிவதும் அதுதான். இத்தகைய கார ஊற்றுகளின் சுவர்களில் உயிர் தோன்றியிருக்கலாம் என்ற கருத்தை நீண்டகாலம் வளர்த்தவர் மைக்கேல் ரசல் என்ற புவியியலாளர். சுவரின் ஒருபுறம் காரநீரும் மறுபுறம் அக்காலக் கடலின் இலேசான அமிலநீரும் இருந்தால் அது ஒரு மின்கலம் போலத் தொழிற்படும் என்பது அதன் அடிப்படை. நாசாவின் ஜெற் உந்துவிசை ஆய்வுகூடத்தில் லாரி பார்ஜ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இந்தப் பெட்டியில் உள்ளது போன்ற இரசாயனத் தோட்டங்களைக் கொண்டே இதைச் சோதித்து வருகிறார்கள். 2015 இல் அத்தகைய சில தோட்டங்களை இணைத்து ஒரு சிறு எல்ஈடி மின்குமிழை ஒளிரச் செய்தார்கள். கடையில் விளையாட்டுப் பொருள்களுக்குப் பக்கத்தில் வைத்து விற்கப்படும் குழாய்க்கு இவ்வளவு பெரிய சொந்தம் இருப்பதைத் தயாரிப்பாளர் அறிந்ததாகத் தெரியவில்லை.

இனி சேற்று நிரல். என் பார்வையில் பெட்டியின் விலைக்குரிய பகுதி இதுதான், ஆனால் அதற்கு வேண்டிய முக்கியப் பொருளை நாமே தேட வேண்டும். குளத்துச் சேறு என்று கையேடு கூறியது. பண்ணைக் கடலோரம் பத்து நிமிடத் தொலைவில் இருக்கும்போது குளத்தைத் தேடிப் போவானேன் என்று, நீர் வற்றிய ஒரு காலை நேரத்தில் பேத்தியுடன் அங்கே போனேன். மேலே சாம்பல் நிறமாக இருந்த சேறு, கரண்டி இரண்டு அங்குலம் இறங்கியதும் கருமையாக மாறியது; கூழ்முட்டை நாற்றமும் எழுந்தது. பண்ணைப் பாலத்தால் போகும்போது மூக்கைப் பொத்துகிறோமே, அந்த நாற்றம்தான் ஐதரசன் சல்பைட்டு. 1977 இல் கலபாகோஸ் தீவுகளுக்கருகே அல்வின் என்ற நீர்மூழ்கி 2,500 மீற்றர் ஆழத்திலிருந்து முதன்முதலாகக் கொண்டுவந்த ஊற்றுநீரைக் கப்பலில் திறந்தபோது விஞ்ஞானிகளின் மூக்கில் ஏறியதும் இதுவே. உயிரியலாளர் எவரும் அந்தக் கப்பலில் இருக்கவில்லை என்பதையும், கிடைத்த உயிரினங்களுள் சிலவற்றை வொட்கா மதுவில் ஊறவைத்துக் காக்க வேண்டியிருந்தது என்பதையும் சொன்னபோது பேத்தி நம்பவில்லை.

கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று இயல்பாகவே இருப்பதால் ஜிப்சம் தூளைச் சிறிதளவே இட்டேன். கடதாசித் துணுக்குகள் கலந்த சேற்றை அடியிலும், வெறுஞ்சேற்றை அதன் மேலும், கடல்நீரை எல்லாவற்றுக்கும் மேலும் நிரப்பி யன்னலடியில் வைத்தோம். கையேடு மூடியை இறுக்கித் திருகச் சொன்னது. எட்டாம் நாள் இரவு நொதித்தலில் உண்டான வாயு மூடியைத் தள்ளி எறிந்தது. யன்னல் திரை பாழானது. அந்தத் திரையைப் பற்றி என் மகள் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. மூடியைத் தளர்வாக வைக்க வேண்டும். காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் எழுதப்படவில்லை. ஐதரசன் சல்பைட்டு நச்சு வாயு. செறிவு ஏறினால் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும் என்பதால், நாற்றம் நின்றுவிட்டது என்று எவரும் நிம்மதி கொள்ளக் கூடாது. ஒரு குழாய்ச் சேற்றில் அந்த அளவு வராது என்றாலும், குழந்தைகள் கையாளும் பொருளில் இந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் குழாயின் அடி கறுத்தது. கடதாசியின் செலுலோசைச் சில பற்றீரியாக்கள் உடைக்க, அந்த விளைபொருள்களை உண்ணும் வேறு பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாகச் சல்பேற்றைச் சுவாசித்து ஐதரசன் சல்பைட்டை வெளியிடுகின்றன; அது சேற்றிலுள்ள இரும்புடன் சேர்ந்து கரிய இரும்புச் சல்பைட்டாகிறது. ஐந்தாம் வாரத்தில் யன்னலை நோக்கிய பக்கத்தில் மட்டும் பாசிப்பச்சைத் திட்டுகளும், அவற்றுக்குச் சற்று மேலே செவ்வூதா நிறப் பட்டையும் தோன்றின. பார்க்க மிக அழகாக இருந்தது. கையேடு பொய் சொல்வதும் இந்த இடத்தில்தான் வெளிப்பட்டது. 'சூரியன் இல்லாமல் வாழும் உயிர்கள் இவை' என்று அந்தப் பச்சைக்கும் ஊதாவுக்கும் அம்புக்குறி இட்டிருக்கிறார்கள். அவை பச்சைக் கந்தகப் பற்றீரியாக்களும் ஊதாக் கந்தகப் பற்றீரியாக்களும், ஒளித்தொகுப்புச் செய்பவை. தாவரங்கள் நீரிலிருந்து எடுக்கும் இலத்திரன்களை அவை ஐதரசன் சல்பைட்டிலிருந்து எடுக்கின்றன, அவ்வளவே. சூரியன் வேண்டாம் என்றால் குழாயை யன்னலடியில் வைக்கச் சொன்னது ஏன்? கையேட்டின் ஆறாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை போலும். (இந்தப் பச்சைக் கந்தகப் பற்றீரியாக்களின் உறவு ஒன்று கிழக்குப் பசிபிக் முகட்டின் ஊற்றிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டதாக 2005 இல் ஓர் ஆய்வு வெளியானது. ஊற்றின் வெந்நீர் உமிழும் மிக மங்கலான ஒளியைக் கொண்டு அது ஒளித்தொகுப்புச் செய்கிறது என்பது அதன் முடிவு. அதை எழுதியிருந்தால் கையேட்டைப் பாராட்டியிருப்பேன்.)

எனவே பெட்டி சொல்லாத ஒரு பரிசோதனையை நாங்களே சேர்த்தோம். ஒரு பெரிய சோடாப் போத்தலில் அதே சேற்றை அதே முறையில் நிரப்பி, கறுப்புத் துணியால் சுற்றி, அலுமாரிக்குள் வைத்தோம். ஏழாம் வாரம் துணியை அவிழ்த்தபோது பச்சையும் இல்லை, ஊதாவும் இல்லை. அடி கறுத்திருந்தது, சேறும் நீரும் சந்திக்கும் இடத்தில் மட்டும் பஞ்சு போன்ற மெல்லிய வெண்படலம் ஒன்று கிடந்தது. ஆழ்கடல் ஊற்றின் உயிர்களுக்கு உண்மையில் கிட்டிய உறவு அந்தப் படலம்தான். அது பெகியத்தோவா போன்ற இழைக் கந்தகப் பற்றீரியாவாக இருக்க வேண்டும். கலிபோர்னியா வளைகுடாவின் குவைமாஸ் படுகையில் வெந்நீர் கசியும் கடலடி எங்கும் இந்த இனத்தின் படலங்கள் பாய் விரித்தது போலக் கிடக்கின்றன. கீழிருந்து வரும் ஐதரசன் சல்பைட்டையும் மேலிருந்து வரும் ஒட்சிசனையும் ஒரே கலத்துக்குள் சந்திக்கவைத்து, அந்த ஒட்சியேற்றத்தில் கிடைக்கும் சக்தியால் அது வாழ்கிறது. உயிர் ஒன்று அசேதனப் பொருளின் ஒட்சியேற்றத்தால் வாழ முடியும் என்பதை 1887 இல் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கே வினோகிராட்ஸ்கி கண்டதும் இதே பெகியத்தோவாவில்தான்; சல்பைட்டு உள்ள நீரில் அதன் உடலுக்குள் கந்தக மணிகள் நிறைவதையும், இல்லாத நீரில் அவை கரைந்து மறைவதையும் அவர் நுணுக்குக்காட்டியில் கவனித்தார். இத்தகைய சேற்று நிரல் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கையேட்டில் அந்தப் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

இருட்டுப் போத்தலும் சூரியனிடமிருந்து முழுதாக விடுபட்டதல்ல என்பதைப் பேத்தியே கண்டுபிடித்தாள். அடியில் இட்ட கடதாசி ஒரு மரத்திலிருந்து வந்தது. மேலே கரைந்திருக்கும் ஒட்சிசனும் தாவரங்கள் விட்டது. ஆழ்கடலுக்கும் இது பொருந்தும். குழாய்ப்புழுக்களுக்கு உணவாக்கும் பற்றீரியாக்கள் பயன்படுத்தும் ஒட்சிசன், மேற்பரப்பில் ஒளித்தொகுப்பால் உண்டாகிக் கீழே சென்றதுதான். சூரியனே வேண்டாத உயிர் எதுவென்றால், ஊற்றுநீரின் ஐதரசனையும் காபனீரொட்சைட்டையும் மட்டும் கொண்டு மெதேனை உண்டாக்கும் நுண்ணங்கிகளைச் சொல்லலாம். அவற்றுள் மெதனோபைரஸ் வகை ஒன்று 122 பாகை செல்சியசிலும் இனம்பெருக்குவதாக 2008 இல் அறியப்பட்டது.

அது கிடைத்த இடம் நமது இந்து சமுத்திரம். இலங்கைக்குத் தெற்கே, யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் தொலைவில், மத்திய இந்து சமுத்திர முகட்டில் உள்ள கைரேய் என்ற ஊற்றுத் தொகுதியை ஜப்பானியர் 2000 இல் கண்டனர். மறு ஆண்டே அங்கே பாதத்தில் இரும்புச் சல்பைட்டுச் செதில்கள் அணிந்த நத்தை ஒன்று அகப்பட்டது. அது தன் உணவுக்குழாய்ச் சுரப்பியில் பற்றீரியாக்களை வளர்த்து அவற்றாலேயே வாழ்கிறது. ஆழ்கடற் சுரங்க அகழ்வால் வரக்கூடிய ஆபத்தைக் கருதி 2019 இல் அது அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழில் அச்சிட்டு இலங்கையில் விற்கும் ஒரு பெட்டி, கலபாகோஸ் படத்தை நான்கு முறை போட்டுவிட்டு, நம் கடலின் இரும்புக்கால் நத்தைக்கு ஒரு மூலையும் ஒதுக்கவில்லை.

குழாய்ப்புழுக்கள் 'கனிமங்களைத் தின்கின்றன' என்ற கையேட்டு வரியை எழுதியவர் அந்தப் புழுவின் படத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ரிஃப்டியா என்ற இந்தக் குழாய்ப்புழுவுக்கு, வளர்ந்தபின் வாயும் இல்லை, குடலும் இல்லை. அதன் உடலை நிரப்பியிருக்கும் மென்மையான இழையத்தில் கந்தகப் பளிங்குகள் இருப்பதைப் பற்றி ஒரு விரிவுரையில் கேட்ட கொலீன் கவனோ, ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்பு மாணவியாக இருந்தபோதே, அங்கே பற்றீரியாக்கள் குடியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1981 இல் சான்றுடன் வெளியிட்டார். புழுவின் சிவந்த நுனியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனையும் சல்பைட்டையும் வெவ்வேறு இடங்களில் பிணைத்து, ஒன்றோடொன்று தாக்கமுறவிடாமல் அந்தப் பற்றீரியாக்களிடம் சேர்க்கிறது. 'ஊற்றுநீர் கொதித்துக்கொண்டிருக்கிறது' என்ற வரியும் பிழை. 2,500 மீற்றர் ஆழத்தில் 250 வளிமண்டல அழுக்கம் இருப்பதால் 350 பாகையிலும் அது கொதிப்பதில்லை.

கோபாற்றுக் குளோரைட்டு நச்சுப் பொருள். கையுறையும் இல்லாமல், கழிவுக் கரைசலை எங்கே ஊற்றுவது என்ற குறிப்பும் இல்லாமல் அதைப் பெட்டியில் வைத்திருப்பதுதான் நான் கண்ட மிகப் பெரிய குறை. கிணற்றடியில் ஊற்றிவிடாதீர்கள், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியாக அது நேரே கிணற்றுக்குத்தான் போகும். நான் அந்த உப்பை அகற்றிவிட்டு ஏனைய நான்கையும் பயன்படுத்தும்படி மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தனியாகச் சிலிக்கேற்றுப் போத்தல் வாங்க முடியுமா என்று கடையில் கேட்டபோது, முழுப் பெட்டியாகத்தான் தருவோம் என்றார்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வாங்க வேண்டாம். உயர்தரத்தில் உயிரியலோ இரசாயனவியலோ படிக்க எண்ணும் பிள்ளைக்கு, பக்கத்தில் இருந்து செய்ய ஒரு பெரியவர் உண்டென்றால், வாங்கிக் கொடுக்கலாம். சேற்று நிரல் மட்டும் போதும் என்பவர்களுக்குப் பெட்டியே தேவையில்லை. ஒரு சோடாப் போத்தலும் பழைய பத்திரிகையும் போதும்.

இதை எழுதும்போது யன்னலடிக் குழாயின் ஊதாப் பட்டை இன்னும் அரை அங்குலம் மேலேறியிருக்கிறது. அலுமாரிப் போத்தலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் பச்சை எத்தனை நாளில் வரும் என்று பேத்தி பந்தயம் கட்டியிருக்கிறாள். அவள் சொன்னது பத்து நாள், நான் சொன்னது இருபது. நேற்றுத்தான் துணியை அகற்றினோம்.